பதம் சொன்ன மண்

மண்ணுக்கும் மாட்டுக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் ஒரு களிமண் கிடந்தது. மனுஷருக்கும் அப்போதே வாய் இருந்தது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

இன்றைக்குக் களிமண்ணைத் திட்டாமல் உழுது பிழைக்கிற சம்சாரி கிடையாது. மழையில் மிதித்த காலை விடாது, வெயிலில் ஏர்க்கொழுவை உடைக்கும், கோடையில் கன்றுக்குட்டி கால் போகிற அளவுக்கு வெடிக்கும். அன்றைக்கு இதில் ஒன்றும் அதற்கு இல்லை. சாதுவான மண். ஆறு மலையிலிருந்து இறங்கும்போது மணல், வண்டல், களி மூன்றையும் ஒன்றாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தது. வெள்ளம் கரை தாண்டியதும் கனமான மணல் கரைமேலேயே இறங்கிக்கொண்டது. வண்டல் இன்னும் கொஞ்சம் நடந்து உட்கார்ந்தது. களி எடையில்லாத பொடி. தண்ணீர் போன இடமெல்லாம் கூடவே போய், தண்ணீர் அலுத்துப்போய் நின்ற பள்ளத்தில் கடைசியாகப் படிந்தது. வெள்ளத்துக்கு ஒரு விரற்கடை வீதம் ஏறி ஏறி இரண்டு ஆள் ஆழம் சேர்ந்துவிட்டது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மூத்தவன் பலவேசம் கரைமேட்டை எடுத்துக்கொண்டான். இளையவன் முக்காண்டிக்குப் பள்ளம் விழுந்தது. உழவு மாடு ஒரே ஜோடி. அதைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். பொது என்று பேர், கட்டியிருந்தது மூத்தவன் தொழுவத்தில்.

முக்காண்டியின் பெண்டாட்டி உலகம்மாள். அந்தப் பக்கத்தில் விதை பெண்கள் கையில் இருந்தது. அதனால் மண்ணிடம் உழவுப் பதம் கேட்கிற வேலையும் அவர்களுடையதுதான். களிமண்ணுக்குக் குரல் மெல்லிசு. வெள்ளம் வடிந்த பிறகு விடியற்காலையில் வயலில் படுத்து, காதைத் தரையில் வைத்தால்தான் கேட்கும். கன்னமெல்லாம் சேறாகும். "இன்னும் அஞ்சு நாள்" என்று அது சொன்னால் அஞ்சு நாள் காத்திருந்து ஏர் பூட்டுவார்கள். மற்றப் பெண்கள் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். உலகம்மாள் மட்டும் படுத்தபடியே ஊர்க்கதை பேசுவாள். மண்ணுக்குக் கருப்பி என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

முதல் வருஷமே கருப்பி அவளிடம் ஒன்று சொல்லியிருந்தது.

"உலகு, என் உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத வாசலு. அது வழியாத்தான் மூச்சு விடுதேன், பேசுதேன். ஈரத்துல என்னைக் கீறினா அத்தனையும் மெழுகுன தரை மாதிரி அடைச்சுக்கிடும். அப்புறம் எனக்குத் தெறக்கத் தெரியாது. நான் சொல்லாம ஏரை எறக்கிராத, என்ன?"

"என் பிள்ளைக மேல சத்தியம், எறக்க மாட்டேன்" என்றாள் உலகம்மாள்.

கருப்பியும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் கரைமேட்டில் பலவேசத்தின் பயிர் கருகி நின்றபோது, பள்ளத்தில் மட்டும் சோளம் கதிர் வாங்கியது. வேர் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத மண் அது. அடியில் பொத்தி வைத்திருந்த ஈரத்தைக் கடைசிச் சொட்டுவரை கொடுத்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆற்றில் வெள்ளமே இல்லை. குலுக்கையில் தானியம் தீர்ந்தது. ஒரே ஒரு நார்ப்பெட்டி விதைச்சோளம் மட்டும் உத்தரத்தில் தொங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தார்கள். பெற்றவள் அதில் கை வைக்கவில்லை. அந்த மனசு இருந்தவள்தான் அவள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வருஷம் பிந்தித்தான் வெள்ளம் வந்தது. மணலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? நாலாம் நாளே கரைமேடு காய்ந்து, பலவேசம் உழுது விதைத்து, முளையும் கிளம்பிவிட்டது. பள்ளமோ இன்னும் பளபளவென்று கிடந்தது.

"எத்தனை நாள்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"எட்டு" என்றது கருப்பி.

முக்காண்டி அண்ணனிடம் போய் நின்றான். உலகம்மாள் பின்னால் நின்றாள்.

"எட்டு நாள் கழிச்சு மாடு வேணும்ண்ணே."

"எட்டு நாளா? நாளன்னைக்கு மாடு ரெண்டும் என் மச்சினன் ஊருக்குப் போகுதுலே. திரும்பி வர ஒரு மாசம் ஆகும். வேணும்னா நாளைக்கு ஓட்டிக்கிட்டுப் போ."

"மண்ணு இன்னும் பதம் சொல்லலியே."

"ஒம் பொஞ்சாதி மண்ணோட குசுகுசுத்து முடியுற மட்டும் நான் மாட்டைக் கட்டி வச்சுக்கிட்டு இருக்கவா?" என்றான் பலவேசம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். தணிந்த குரல்தான் அவனிடம் பயப்பட வேண்டியது. "முடியலன்னா விட்ரு. பள்ளத்தை நான் பாத்துக்கிடுதேன். நீயும் அவளும் எங்கிட்ட வந்து வேலை பாருங்க, கஞ்சி ஊத்துதோம். பிள்ளைகளும் குடிக்கட்டும். நாம என்ன அன்னியமா?"

வாசலில் நின்ற அவன் பெண்டாட்டி மாடத்தி, "யாரு மாட்டேன்னு சொன்னா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வழி நெடுக உலகம்மாள் கூடவே வந்தது. ஓரகத்தி வீட்டு முற்றத்தில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட ஆற்றோடு போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் விடியலில் காதைத் தரையில் வைத்தாள்.

"என்ன உலகு, மூச்சு இப்படி வாங்குது?"

"எட்டு நாளை ஒரு நாளாக்க முடியாதா கருப்பி?"

"அது என் கையிலயா இருக்கு? வெயிலும் காத்தும்லா காய வைக்கணும்."

"மாடு போயிரும். நிலமும் போயிரும்."

"மாடு போனாப் போகுது. அந்த எட்டு நாளும் கழிஞ்சு மண்வெட்டியால ஒரே ஒரு மூலையைக் கொத்திப் போடு. அந்த ஒரு மூலையில உங்க நாலு பேரு வயித்துக்கும் நான் வெளைஞ்சு தாரேன். இதுவரைக்கும் உங்கிட்ட நான் பொய் சொல்லியிருக்கனா?"

சொன்னதில்லைதான். உலகம்மாள் அதை யோசித்துக்கொண்டு படுத்திருந்தபோது, ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போன மாடத்தி வரப்பில் நின்று, "என்னட்டி, இன்னும் உத்தரவு ஆகலியா?" என்றாள். கூட வந்த பெண்களும் சிரித்தார்கள்.

உலகம்மாள் எழுந்தாள். முந்தானையால் கன்னத்துச் சேற்றைத் துடைத்தாள். வரப்பின் அந்தக் கோடியில் முக்காண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொல்லுது?" என்று கத்தினான்.

கொஞ்சம் ஈரம்தானே, தாங்கிக்கொள்ளும், தாங்காத மண்ணா அது, என்று அவள் நினைத்தாள். பொறுத்துப் போகிறவர்கள் தலையில்தானே எல்லாரும் மிளகாய் அரைக்கிறோம்.

"உழச் சொல்லுது!" என்றாள்.

இறங்கியதும் இடப்பக்கத்து மாடு முழங்கால்வரை புதைந்தது. "யய்யா, இது ஈரம்லா?" என்றது.

"மண்ணே சொல்லிருச்சு, உனக்கென்ன?" என்று முக்காண்டி அதன் வாலை முறுக்கினான்.

பள்ளத்தில் அவனுக்கு மட்டுமா நிலம்? இன்னும் பத்துக் குடும்பம் இருந்தது. பதம் நிற்கிற ஒன்றிரண்டு நாளில் அவரவர் மாடு அவரவர் வயலுக்கே காணாது, இரவல் கிடைக்காது. அந்த வீட்டுப் பெண்களும் முந்தின நாள் காலையில் காது வைத்துத்தான் கேட்டிருந்தார்கள். ஆனால் உலகம்மாள் காதுக்கு மிஞ்சிய காது அந்தப் பள்ளத்தில் இல்லை. "எனக்கு எட்டுன்னு கேட்டுச்சு. அவளுக்குத் தப்பாவா கேட்டிருக்கும்?" என்று ஒவ்வொருத்தியும் புருஷனை எழுப்பி அனுப்பினாள். உச்சிப் பொழுதுக்குள் பள்ளம் முழுக்கப் பதினோரு ஏர் ஓடியது.

கொழு போன இடமெல்லாம் மண் பொலபொலவென்று விழவில்லை. பாளம் பாளமாகப் புரண்டு, வெண்ணெய் தடவினாற்போல மின்னியது. உலகம்மாள் நார்ப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏர்ச்சாலில் விதை போட்டபடி நடந்தாள். வெறுங்கால். காதில் கேட்காதது காலில் கேட்டது.

"உலகு… நீயா சொ…"

அதற்குள் அடுத்த சால் வந்துவிட்டது. சொல் பாதியிலேயே அடைபட்டது. அவள் நிற்கவில்லை. விதை போட்டுக்கொண்டே போனாள்.

மூன்று நாள் வெயில் அடித்தது. பாளமெல்லாம் சுட்ட செங்கல்லாக இறுகிப்போனது. விதை பாதி சேற்றிலேயே அழுகியது, மீதி முளைத்து மேலே வர வழியில்லாமல் வெளுத்துச் செத்தது. முக்காண்டி கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிகளை அடித்து உடைத்தான். ஒரு கட்டி உடைவதற்குள் கை கொப்பளித்தது. கடைசியில் கொட்டாப்புளியின் காம்புதான் முறிந்தது. அவன் அதை வீசிவிட்டு மண்ணில் காறித் துப்பினான்.

"பொய் சொல்லிட்டியே, பாவி மண்ணே! நம்புனவங்க வயித்துல அடிச்சுட்டியே!"

பத்துக் குடும்பமும் வந்து நின்று அதையே சொன்னது. எட்டு என்று கேட்ட பெண்களும், மண் தங்களுக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாகச் சொல்லிவிட்டது என்றார்கள். பொய்க்காரி, கழுத்தறுத்தவ, கருநாகம், என்னென்னவோ சொன்னார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். முதல் பொய்யைப் பசி சொல்ல வைத்தது என்று வைத்துக்கொள்வோம். இந்த மௌனத்துக்கு எந்தப் பசியைக் காரணம் சொல்வது? "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பேச முடியாத மண்மேல் பழி போவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

எதற்குப் பயந்து பொய் சொன்னாளோ அது நடந்தது. முக்காண்டியின் பள்ளம் பலவேசத்திடம் போயிற்று. மாடத்தி வீட்டு முற்றத்தில் அவள் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்படியே குடிக்கியா, இல்ல மண்ணுகிட்டக் கேட்டுட்டுத்தான் குடிப்பியா?" என்று மாடத்தி ஊற்றினாள். உலகம்மாள் குடித்தாள். பிள்ளைகளுக்கும் கொடுத்தாள்.

கோடை வந்தது. முதல் தடவையாகக் களிமண் வெடித்தது. ஒரு சாண் அகலம், ஆளை விழுங்குகிற ஆழம், பள்ளம் பூராவும் திறந்த வாய்கள். ஊர் பயந்து அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் உலகம்மாள் மட்டும் ஒரு குடம் தண்ணீரோடு போனாள். சுடுகிற கட்டியின்மேல் படுத்து, வெடிப்புக்குள் முகத்தை வைத்தாள்.

"கருப்பி, நாந்தான் சொன்னேன். நீ கேட்டியே, நாந்தான். ஒரு வார்த்தை திட்டிரு. பொய்க்காரின்னு எல்லாரும் உன்னைச் சொன்னாங்கள்லா, அதை ஒரு தடவை என்னைப் பாத்துச் சொல்லிரு."

குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். அது எங்கோ அடியில் போயிற்று. விழுந்த சத்தம்கூட வரவில்லை. பொழுது சாயும்வரை கிடந்து பார்த்தாள். வாய் திறந்திருந்தது, குரல் இல்லை. சில நாளில் மழை பெய்து மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. அவள் சொன்னதும் உள்ளேயே போயிற்று. மன்னித்ததா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

அடுத்த வெள்ளம் வடிந்ததும் பலவேசம் அவளைத்தான் கூப்பிட்டான்.

"ஏளா, மண்ணு என்ன சொல்லுது?"

"அது இனிமே சொல்லாது" என்றாள் உலகம்மாள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். உள்ளங்கையில் உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள். சாணி மாதிரி சப்பென்று ஒட்டியது. மறுநாளும் போட்டாள், ஒட்டியது. அப்படித் தினமும் போட்டு, எட்டாம் நாள் போட்ட உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் மாட்டை இறக்கவிட்டாள். பயிரும் வந்தது. ஆனால் பழைய கொடை இல்லை. மண்ணைத் தோண்டினால் ஈரம் இருக்கும், மேலே பயிர் வாடி நிற்கும். கடைசிப் பங்கை யாருக்கும் கொடுப்பதில்லை என்று களிமண் தீர்மானித்துவிட்டது.

உழுவதற்கு முன்னால் ஒரு பிடி மண்ணை உருட்டிப் போட்டுப் பார்க்கிற வழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான். பதம் பார்க்கிறோம் என்கிறார்கள். உண்மையில் அது, சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைத்துவிட்டு, கையால் கேட்டுக்கொண்டிருப்பது. கோடையில் அது வாய் பிளந்து கிடப்பதைத் தண்ணீர்த் தாகம் என்கிறார்கள். மழையில் காலோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பாசம் என்கிறவர்களும் உண்டு. பாசமாவது! ஈரத்தில் தன்மேல் இறங்குகிற ஒவ்வொரு காலையும் நீயா என்று இன்றைக்கும் அது பிடித்துப் பிடித்துப் பார்க்கிறது. பாதியில் நின்ற அந்தக் கேள்விக்கு அந்தப் பள்ளத்தில் இன்னும் யாரும் எல்லார் காதிலும் விழும்படி "நான்தான்" என்று சொல்லவில்லை.