ஸ்டூல் மேல விட்ட தலகாணி

கையெழுத்துப் போட்டா போட்டதுதான், அப்பறம் என்ன பேச்சுன்னு கேக்கறயே கொழந்தவேலு, நீ வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கறவன், காயிதத்தத்தான் பாப்ப. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு கண்ணு. சொல்லிச் சொல்லி எனக்கு வாயே ஓஞ்சு போச்சு.

எம்மருமக பொன்னாத்தாளும் பக்கத்து வீட்டு ருக்குமணியும் ஒரே பனியன் கம்பெனில செக்கிங். அங்க ஒரு வழக்கம். தீபாவளி வந்தா "வேலைய விட்டு நானே நின்னுக்கறேன்"னு எழுதிக் குடுத்துட்டு, போனஸ் வாங்கிட்டு வர்றது. தீபாவளி நோம்பி முடிஞ்சதும் அதே ஸ்டூல்ல போயி உக்கார்றது. என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் படிக்கறதில்ல.

போன தீபாவளிக்கு இவங்க எழுதிக் குடுத்த அன்னிக்குக் காலைல சக்கர வாங்க அந்த வழியாத்தான் போனேன். பின்கேட்டுல லாரி நிக்குது, தையல் மெஷினெல்லாம் ஏறுது. "சர்வீஸுக்குங்க ஆத்தா"ன்னான் வாட்ச்மேன். பாவம், அவனுக்கு ரெட்டப் பொண்ணு பொறந்த புதுசு, தூக்கமே இல்ல. ரெண்டையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்புடுவான், எது திரும்புதோ அது.

மத்தியானம் இவங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தாங்க. பொன்னாத்தா, உக்கார்ற தலகாணிய ஸ்டூல் மேலயே உட்டுட்டு வந்தா. அவங்கம்மா குடுத்த எலவம்பஞ்சு. ருக்குமணி கத்திரி, டப்பா எல்லாத்தையும் வாரிக் கட்டிட்டு வந்துட்டா. வேற கம்பெனில பேசி வெச்சிருந்தா. அதும் அப்பறம் இல்லைன்னு ஆயிருச்சு.

நோம்பி கழிச்சுப் போனா கேட்டுல பூட்டு. கம்பெனியவே மூடிட்டாங்க.

மாசாமாசம் சம்பளத்துல புடிச்ச இன்சூரன்சுல, வேலை போனவங்களுக்குக் கொஞ்ச நாளைக்குப் பணம் வரும். தானா நின்னவங்களுக்குக் கெடையாது. எம்பையன் கால ஒடிச்சுட்டுப் படுத்திருக்கான். ருக்குமணிக்கு ஆம்பள தொணையே இல்ல. ரெண்டு அடுப்பும் அத நம்பித்தான் கெடந்துச்சு.

இன்சூரன்சு ஆபீசர் விசாரிக்க வந்து பூட்டத் தொறந்தாரு. நானும் கூடப் போனேன்.

"தானா நின்னது யாரும்மா?"

பொன்னாத்தா தலகாணியக் காட்டுனா. "போறவ இத உட்டுட்டுப் போவாளுங்களா சார்?"

நானும் திரும்பி வர்றதாத்தான் இருந்தேன்னு சொல்லுடின்னு ருக்குமணி இடுப்புல கிள்றேன். அவளா, "நான் நெசமாவே நிக்கத்தான் எழுதுனேன் சார்"னுட்டா. பொழைக்கத் தெரியாதவ.

இப்பச் சொல்லு. ரெண்டும் ஒரே காயிதம். பணம் பொன்னாத்தாளுக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமா, யாருக்குமே இல்லயா?

தெரியலயா? தலகாணியையே பாத்துட்டிருந்தா எப்படித் தெரியும்? ஆபீசர், தையல் நடக்கற மேல்மாடி ஏறி வெறுந்தரையப் பாத்தாரு. "மெஷின் எப்பப் போச்சு?"ன்னாரு. நான் லாரியச் சொன்னேன். வாட்ச்மேனும் தலையாட்டுனான். காலைலயே வேலையத் தூக்கி லாரில ஏத்திட்டாங்க. மத்தியானம் இவங்க எதுலருந்து நிக்கறது? ரெண்டு பேருக்கும்னு எழுதுனாரு. கைக்கு வர்றதுக்குள்ள பொங்கலே போயிருச்சு, அது வேற.

ஏ பொன்னாத்தா, தூறல் போடுது பாரு! மாடில காயற தலகாணிய உள்ள கொண்டா. நாளைக்குப் புதுக் கம்பெனிக்கு எதப் போட்டு உக்காருவ?