பெயர் மாறிய கல்லறை

கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே எதையும் ஒளிக்காமல், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

குமரிக் கடற்கரையில் ஒரு சிற்றூர். அங்கே வியாகுலம்மாள் என்றொரு வயதான மீனவப் பெண் இருந்தாள். அவளுடைய கணவனும் மூத்த மகனும் வெவ்வேறு வருடங்களில் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனவர்கள். இருவர் உடலும் கரை சேரவில்லை. மிஞ்சியவன் இளைய மகன் சூசை. அவனும் அவன் கூட்டாளி ததேயுவும் ஓர் ஐப்பசியில் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். புயல் வந்தது. அவர்கள் வரவில்லை.

வியாகுலம்மாள் கோயிலுக்குப் போய் மாதா சுரூபத்தின் காலடியில் விழுந்து கிடந்தாள். முதலில் மகனைக் கேட்டாள். நாள் போகப் போகக் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

"உயிரோட வேண்டாம் தாயே. மண்ணு அள்ளிப் போடவாவது எனக்க மோனைத் தா."

ததேயுவின் வீட்டில் அவன் மனைவி பிரகாசியும் தகப்பன் சிலுவைப்பிச்சையும் இருந்தார்கள். பிரகாசி அப்போது கர்ப்பிணி. அவளும் ஜெபித்தாள். என்ன கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை; மீன் தின்றுவிட்டது. சூசையும் ததேயுவும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடல்வாகு. இன்னார் என்று ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குள் வியாகுலம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அந்த மார்பின்மேல் விழுந்தாள்.

"வந்துட்டான். எனக்க மோன் வந்துட்டான். மாதா கேட்டுட்டா!"

பிரகாசி கால்மாட்டில் நின்றாள். இடது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் கிடந்ததைப் பார்த்தாள். ததேயுவுக்குப் பிறவியிலேயே அப்படித்தான். நிமிர்ந்தபோது சிலுவைப்பிச்சையும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தார். பிரகாசி அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாம் மாமா. எனக்கு நீங்க இருக்கீங்க, பிள்ளை வரப்போகுது. அந்தப் பாட்டிக்கு இதுதான் இருக்கு."

அடக்கத்துக்கு முன்னால் அவள் ஊர்க் கோயிலின் பங்குச்சாமியார் ஹிலாரியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். "அது எனக்க வீட்டுக்காரர் சாமி. தெரிஞ்சே விட்டுக்கொடுத்தேன்." உண்மையை நீயே வெளியே சொல்லிவிடு என்று சாமியார் மன்றாடினார். அவள் மறுத்துவிட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் குருவானவர் வெளியே விடக் கூடாது.

குழிக்கரையில் சாமியார் பெயர் எதுவும் சொல்லாமல், "உம்முடைய இந்த ஊழியனை" என்று ஜெபத்தைத் தொடங்கினார். வியாகுலம்மாள் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். "பேரைச் சொல்லுங்க சாமி. கர்த்தருக்கு ஆள் தெரியணும்லா?"

சாமியார் கண்ணை மூடிக்கொண்டு, "சூசை" என்றார்.

பிரகாசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடல் கிடைக்காதவனுக்குக் கல்லறை இல்லை, சிலுவை இல்லை. கழுத்தில் தாலியோடு, அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று ஊர் அவளை வைத்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம், "ததேயு எங்கேயாவது கரையேறியிருப்பான்" என்று ஆறுதல் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். அழுவதற்குக்கூட அவளுக்கு ஓர் இடம் இல்லாமல் போனது.

மறுவருடம் கல்லறைத் திருநாள் வந்தது. வியாகுலம்மாள் அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி, பூ போட்டு, வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிரகாசி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்துச் சுவரோரம் நின்றாள். சிலுவைப்பிச்சையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊர் முன்னால் கத்திவிட்டார்.

"அது எனக்க மகன்! ஒரு தகப்பன் எத்தனை நாள் பொறுப்பான்? எனக்க பேத்தி அவ அப்பனுக்கு ஒரு திரி கொளுத்த வேண்டாமா?"

வியாகுலம்மாள் பிரகாசியைப் பார்த்தாள். "பிள்ளே, இவரு சொல்றது உள்ளதா?"

பிரகாசியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வியாகுலம்மாள் எரிகிற மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தாள்.

"அப்ப எனக்க சூசை சாவல்ல. வருவான்."

அன்றிலிருந்து அவள் கடற்கரையை விட்டு நகரவில்லை. வெயிலிலும் மழையிலும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் பாய் தெரிந்தால் எழுந்து நிற்பாள். பிரகாசி தினமும் கஞ்சி கொண்டுபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவி பாதி நாள் அதைத் தொடவே இல்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தாள். சாகக் கிடக்கிறவளுக்குக் கடைசி நற்கருணை கொடுக்க ஹிலாரி சாமியார் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொடுக்காத ஒண்ணுக்கு ஒரு வருசம் எங்கிட்ட நன்றி வாங்கினாரு உங்க ஆண்டவரு. இனி என்னத்துக்கு சாமி?"

நற்கருணை வாங்காமலே செத்துப்போனாள்.

கணவனையே விட்டுக்கொடுத்த பிரகாசி, ரகசியத்தைக் காக்கப் பொய்ப் பெயர் சொன்ன சாமியார், உண்மையை உடைத்த சிலுவைப்பிச்சை. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

எனக்குத் தெரிந்த பதில் இது. ரகசியத்தைக் காப்பது சாமியாரின் கடமைதான். ஆனால் கடவுளைப் பார்த்துப் பொய் சொல்லும்படி எந்தக் கடமையும் அவரைக் கேட்கவில்லை. காணாமல் போன இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சிலுவைப்பிச்சை சொன்னது உண்மை. ஆனால் கிழவியின் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லாமல், தன் வலி தாங்காமல் ஊர் கூடிய இடத்தில் சொன்னார். பிரகாசி கொடுத்த உடல் அவளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு தகப்பனுக்கும் ஒரு மகளுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆகவே மூவரும் தவறினார்கள். பிரகாசி அந்த மணலில் போய் உட்கார்ந்தாளே, "வருவான்" என்றும் "வரமாட்டான்" என்றும் சொல்லாமல், அது ஒன்றுதான் இந்தக் கதையில் எனக்குச் சரியாகப் படுகிறது. அதுவும் யாரையும் காப்பாற்றவில்லை.