நெட்டைச் சாமியின் தேய்ப்பு மேசை

தாமிரபரணிக் கரையில் ஒரு மடம். யாரிடமும் காணிக்கை வாங்காத மடம். வாங்காவிட்டால் உலை எப்படிக் கொதிக்கும்? அதனால் அது துணி தேய்க்கிற மடம்.

டவுனில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள், பச்சை அங்கிகள், பிறந்த பிள்ளைகளைச் சுற்றும் துண்டுகள் எல்லாம் மூட்டை மூட்டையாக மடத்துக்கு வரும். துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்பினால் அரிசியும் பருப்பும் மடம் வந்து சேரும். தியானமும் உண்டுதான். ஆனால் வண்டி வந்து நின்றால் தியானம் கொஞ்சம் காத்திருக்கும்.

மடத்தைத் தொடங்கியவர் அப்படி ஓர் உயரம். ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராகவே 'நெட்டைச் சாமி' என்று கூப்பிடுவார்கள். அவரும் குனிந்து, "என்னவே?" என்று கேட்பார். ஒரு வெள்ளத்தில் சாய்ந்த மருத மரத்தை அறுத்து, இழைத்து, அவர் கையாலேயே செய்ததுதான் தேய்ப்பு மேசை. ஓர் ஆள் கால் நீட்டிப் படுத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். கடைசிவரை அவர் நின்று தேய்த்ததும் அதில்தான்.

அவர் சமாதியான பிறகு மேசைக்கு யோகம் அடித்தது. காலையில் அதற்கு ஒரு செவ்வரளிப் பூ. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கலாம். அதன்மேல் டீ கிளாஸை வைத்தவர் சங்கரலிங்கத்திடமிருந்து தப்ப முடியாது.

சங்கரலிங்கம் சாமியின் மூத்த சீடர். மில்லில் ஃபிட்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு வந்தவர். சாமி போகும்போது மடத்தை அவரிடம் கொடுக்கவில்லை. உலகம்மையைக் கை காட்டிவிட்டுப் போனார். உலகம்மைக்கு நாற்பது வயது. சங்கரலிங்கத்துக்கு மகள் மாதிரி.

இத்தனை காலம் காலடியிலேயே கிடந்த நான் சாமி கண்ணுக்குத் தெரியவில்லையா என்ற வருத்தம் சங்கரலிங்கத்துக்கு ஆறவே இல்லை. உலகம்மையைக் கும்பிட்டார். சொன்னதைச் செய்தார். 'அம்மா' என்று மட்டும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருக்கும் தூணைப் பார்த்துப் பேசுவார். பேச்சு எப்படியோ உலகம்மைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மேசைக்கு முன்னால் இப்போது அதிகம் நிற்பவள் செண்பகவடிவு. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, அங்கே முகங்கள் மாறியதும் மடத்துக்கு வந்தவள். குட்டையான மனுஷி. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு தலையும் ஒரு கையும்தான் தெரியும்.

அந்தக் கைதான் இப்போது மக்கர் செய்தது. வலது தோளில் வலி. முதலில் ராத்திரியில் மட்டும் இருந்தது, பிறகு பகலிலும் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே பார்த்துவிட்டு, "இனிமே கையைத் தூக்கி வேலை செய்யக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கொண்டை போடக்கூடக் கை மேலே போகவில்லை. யாராவது போட்டுவிட வேண்டும்.

ஒரு நாள் அவள் உலகம்மையிடம் வந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போறேன்மா."

"எந்த ஊருக்கு?"

"அண்ணன் வீட்டுக்குத்தான். வேற எங்க இருக்கு எனக்கு?"

"தேய்க்க வேண்டாம். சும்மா இருங்க."

"சும்மா இருந்து சாப்பிடுறதைத்தான் அங்க செஞ்சேன். அதுக்காவவா இங்க வந்தேன்?"

செண்பகவடிவு போய்த் தன் துணிகளைப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

இது காதில் விழுந்ததும் சங்கரலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. வாய் கொஞ்சம் கடுசு என்றாலும் இளகின மனசு அவருக்கு. "பெட்டிதான் சனியன். நான் அதை ஒரு வழி பண்ணுதேன்" என்று தன் பழைய டூல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

முதலில் இஸ்திரிப் பெட்டியின் கனத்தைக் குறைத்தார். உள்ளே இருந்த இரும்பைக் கழற்றி, தகடு மட்டும் வைத்தார். தூக்கிப் பார்த்தால் காலி டப்பா மாதிரி இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் சுருக்கம் போக வேண்டுமே! கனம் இல்லாத பெட்டியைச் செண்பகவடிவு தோளால் அழுத்த வேண்டி வந்தது. சாயங்காலம் வலி இரண்டு பங்கு.

அடுத்ததாக உத்தரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, ஸ்பிரிங் மாட்டி, பெட்டியை மேலேயிருந்து தொங்க விட்டார். அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும். அதுவும் ஏறியது, இறங்கியது, பிறகு தன் இஷ்டத்துக்கு ஆடவும் செய்தது. டாக்டரம்மாவின் அங்கி ஒன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. அங்கியின் முதுகில் பெட்டியின் வடிவம் அச்சாகப் பதிந்தது.

செண்பகவடிவு சிரித்தாள். சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் உலகம்மையிடம் போய்த் தூணின் அருகில் நின்றார்.

"ஒரு சந்தேகம்" என்றார் தூணிடம். "நல்ல இஸ்திரிப் பெட்டின்னா அது எப்படி இருக்கணும்?"

உலகம்மை துண்டு மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நாளைக்கு நீங்க தேயுங்க, அண்ணாச்சி."

"நானா?"

"ஆமா. காலையில இருந்து. கழட்டுன இரும்பைத் திரும்ப மாட்டி, பழைய பெட்டியை வச்சே தேயுங்க."

மறுநாள் காலை சங்கரலிங்கம் குளித்து, திருநீறு பூசி, அரளிப் பூவோடு தேய்ப்பு அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் அடுக்கியிருந்தது. மேசை அவர் நெஞ்சு வரைக்கும் உயர்ந்து நின்றது.

"யாரு வச்சது?"

"அம்மாதான் வைக்கச் சொன்னாவ" என்றாள் செண்பகவடிவு.

சங்கரலிங்கத்துக்குக் கண் கலங்கியது. "பாத்தியா? என் குருவோட மேசை தரையில நிக்கப்படாதுன்னு அவுகளுக்குத் தோணியிருக்கு. நான் என்னமோ நினைச்சேன். மரியாதை தெரிஞ்சவங்கதான்."

செங்கல்மேல் நின்ற மேசையைத் தொட்டுக் கும்பிட்டார். வழக்கத்தைவிட உயரமாகக் கைதூக்கிக் கும்பிட வேண்டியிருந்தது. அதுவும் அவருக்குப் பிடித்தது.

தேய்க்க ஆரம்பித்தார். முதல் விரிப்பு சுகமாகப் போயிற்று. பிறகு முழங்கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டேதான் பெட்டியைத் தள்ள முடிந்தது. நுனிக்காலில் எம்பிப் பார்த்தார். கால் கடுத்தது. இடுப்பைச் சாய்த்துப் பார்த்தார். இடுப்பு பிடித்தது. பெட்டியை இடது கைக்கு மாற்றினார். அது அவர் சொன்ன திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் போயிற்று. மூட்டை மட்டும் குறையவே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவிவிட்டுத் திருநீறு இருந்த மரக்கிண்ணத்தில் விரலை வைத்தார். கை நெற்றிக்கு ஏறவில்லை. பாதியிலேயே நின்றது. இன்னொரு முறை முயன்றார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தார். குனிந்து பூசிக்கொண்டார்.

பின்னால் செண்பகவடிவு நின்றிருந்தாள்.

"நானும் இப்படித்தான் அண்ணாச்சி பொட்டு வைக்கேன்" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. துணைக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

சாயங்காலம் சங்கரலிங்கம் உலகம்மைக்கு முன்னால் போய் நின்றார். தூணை மறந்துவிட்டார்.

"பெட்டியில குறை இல்ல."

"அப்ப எதுல குறை?"

"செங்கல்ல. அதை எடுக்கச் சொல்லுங்க. தோள் விட்டுப் போச்சு."

"இப்பதான் எடுத்தாச்சு. போய்ப் பாருங்க, உங்களுக்குச் சரியா இருக்கும்" என்றார் உலகம்மை. "செண்பகவடிவுக்கு எந்தச் செங்கலை எடுக்கட்டும், அண்ணாச்சி?"

சங்கரலிங்கம் "அம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் வந்தது.

"சொல்லுங்க."

"பலகை போட்டு ஏறி நிக்கட்டுமே?"

"போட்டாளே. மேசை நீளத்துக்கு நடக்கும்போது பலகையிலிருந்து கால் தவறி, சூட்டுப் பெட்டியோட விழுந்தாள்லா? காலில் இன்னும் தழும்பு இருக்கு. அன்னைக்கு நீங்க என்ன சொன்னிய?"

சங்கரலிங்கத்துக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. குரு மேசைக்கு முன்னால் உசந்து நின்றால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லியிருந்தார். எல்லாரும் கேட்கும்படி, சத்தமாகவே சொல்லியிருந்தார்.

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

உலகம்மை உள்ளே போய் ஒரு ரம்பத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"அம்மா, அது என் குரு கைபட்ட மேசை!"

"எனக்கும் அவர்தான் குரு."

"அவர் உசரம்னு நினைச்சுத்தான் தினமும் கும்பிடுதேன். அதைப் போய் எப்படி..."

"இவ்வளவு உசரமா அவர் ஏன் செஞ்சார்?"

"அவர் நெட்டைலா. இல்லைன்னா குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும்."

சொல்லி முடித்ததும் சங்கரலிங்கம் ரம்பத்தைப் பார்த்தார். உலகம்மை ஆஸ்பத்திரித் துண்டுகளை மடிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. செண்பகவடிவு பையோடு வாசலுக்கு வந்தாள். சங்கரலிங்கம் வழியை மறித்தார்.

"பையைக் கீழ வை. மேசைக்குப் பக்கத்துல வந்து நில்லு."

"பஸ் போயிரும் அண்ணாச்சி."

"போகட்டும். அடுத்த பஸ் வரும். முழங்கையை மடக்கு. தோளைத் தூக்காத. ஆ, அப்படியே நில்லு."

அவள் முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு நூலைப் பிடித்து அளந்தார். மேசையின் ஒவ்வொரு காலிலும் சாக்பீஸால் கோடு போட்டார். மேசையைப் புரட்டிப் போட நான்கு பேர் வேண்டியிருந்தது. புரட்டியதும், மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரம்பத்தை வைத்தார்.

முதல் காலை அறுக்கும்போது அழுதார். இரண்டாவது காலில் மூக்கை மட்டும் உறிஞ்சினார். மூன்றாவது காலில், "பயலுக, மேசையை ஆடாமப் பிடிக்கத் தெரியுதா ஒருத்தனுக்காவது?" என்று திட்ட ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மேசையை நிமிர்த்தி வைத்தார்கள். செண்பகவடிவு ஒரு துண்டை விரித்துப் பெட்டியை வைத்தாள். பெட்டி தன் கனத்திலேயே ஓடியது. அவள் கை கூடப் போனது, அவ்வளவுதான். துண்டு முடிந்ததும் இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும், நடுநடுவே உட்கார வேண்டும் என்று உலகம்மை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பை வாசலிலேயே கிடந்தது. மழை தூறியபோது யாரோ எடுத்து உள்ளே வைத்தார்கள்.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. வலி என்ன, நாம் அறுத்ததும் விழுவதற்கு மேசைக் காலா? ஆனால் ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், செண்பகவடிவு கிணற்றடியில் இரண்டு கையையும் தூக்கித் தானே கொண்டை போட்டாள். ஒரு பக்கம் கோணலாக இருந்தது. அதைத் திருத்த வந்த பெண்ணை அவள் கிட்டே விடவில்லை.

சங்கரலிங்கம் தள்ளி நின்று அதைப் பார்த்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உலகம்மையைத் தேடிப் போனார்.

உலகம்மை பூசையறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே நெட்டைச் சாமியின் பாதக்குறடுகளுக்குப் பக்கத்தில் நான்கு மரத்துண்டுகள் வரிசையாக இருந்தன. மேசைக் காலில் அறுத்தவை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஓர் அரளிப் பூ.

"இது உங்க வேலையா?"

"குரு மேசையில இருந்து வந்ததுலா அம்மா. அடுப்புல போட முடியுமா?" என்றார் சங்கரலிங்கம். சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். "எனக்கு ஒரு கவலை. இப்ப செண்பகவடிவுக்குச் சரியாயிட்டு. நாளைக்கே நம்ம சாமி மாதிரி நெட்டையா ஒருத்தர் தேய்க்க வந்து நின்னா என்ன செய்ய?"

உலகம்மை உள்ளே போனார். பூக்களை எடுத்துப் பாதக்குறட்டின் மேல் வைத்தார். துண்டுகளை முந்தானையால் துடைத்து, நான்கையும் அவர் கையில் கொடுத்தார்.

"மாட்டிக் கழட்டுற மாதிரி இதுல ஒரு முளை வச்சுக் கொடுங்க, ஃபிட்டர் அண்ணாச்சி. மேசைக்கு அடியிலேயே போட்டு வையுங்க. பூசையறையில வச்சிட்டா, அந்த ஆள் வந்து நிக்கிற அன்னைக்கு எடுக்க உங்களுக்கு மனசு வராது."