டிராயிங் மாஸ்டரின் உப்புத்தாள்

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்ச கதைதான், டீச்சர்! நான் சரி பண்ணிக் குடுத்த கிண்ணத்தை என் கண்ணு முன்னாடியே போட்டு உடைச்சிட்டுப் போறான்!"

மாசிலாமணிக்கு மூக்குக்கு மேல் கோபம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய சிவப்பு மை ஓய்வு பெறவில்லை. அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் நடக்கும் களிமண் வகுப்பில், தன் மகள் வயதுள்ள காப்பாளர் பல்கீஸிடம் சிஷ்யராகச் சேர்ந்து, வந்தவர்கள் செய்ததைச் சூளைக்கு அனுப்பும் வேலையையும் பார்த்துவந்தார்.

பல்கீஸ் தரையில் கிடந்த ஓடுகளைப் பார்த்தாள். போன வாரம் ஒரு லாரி டிரைவர் செய்த கிண்ணம். இன்றைக்குத்தான் சூளையிலிருந்து வந்திருந்தது.

"அவர் என்ன சொன்னார்?"

"இது நான் செஞ்சது இல்லேன்னான். நாலு பேர் முன்னாடி!"

"நீங்க என்ன பண்ணீங்க, சார்?"

"வாயெல்லாம் கோணல். சுத்தி விரல் பள்ளம். காய்ஞ்சதும் உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சுச் சூளைக்கு அனுப்பினேன். எல்லாரோடதையும் அப்படித்தான் அனுப்புறேன்."

"எல்லாரோடதையுமா?"

"ஆமா. அவன் வந்து மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா அடுத்த ஞாயிறு என்னை எதிர்பார்க்காதீங்க."

பல்கீஸின் முகம் சிவந்தது. அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. மேசையிலிருந்த உப்புத்தாளை எடுத்து அவர் கையில் திணித்தாள். கூடவே ஒரு சாவி.

"கீழ் ஹாலுக்குப் போங்க. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, முதுமக்கள் தாழியோட கழுத்துல இருக்கிற விரல் தடத்தைத் தேய்ச்சுட்டு வாங்க."

மாசிலாமணி சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வகுப்பு தொடங்குமுன் வந்தவர்களையெல்லாம் அந்தத் தாழியிடம் கூட்டிப்போய், அந்தத் தடத்தைக் காட்டுகிறவரே அவர்தான்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" கட்டடமே அதிரக் கத்தினார். "செஞ்சவன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவன் கை பட்டதுன்னு சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு! அதுல கை வைக்க நான் யாரு?"

பல்கீஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி சாவியை மேசைமேல் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

உடைந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

எல்லாமே வழவழவென்று இருந்தன.