ராஜாவின் முகம்

தாழையூரை ஆண்ட செண்டலங்கார ராஜாவுக்குப் பகைவர் பயம் கிடையாது, பாம்பு பயம் கிடையாது. கண்ணாடி பயம் மட்டும் உண்டு.

ஒரு நாள் காலை கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தார். கண்ணோரங்களில் விசிறி விரித்தது போலக் கோடுகள். சிரிப்பை நிறுத்தினார். பாதிக் கோடுகள் போயின. மீதி அங்கேயே தங்கிவிட்டன. கோபத்தில் முகத்தைச் சுளித்தார். நெற்றியிலும் கோடுகள் வந்து சேர்ந்தன.

அரண்மனை வைத்தியர் சஞ்சீவிநாதர் ஒரு கிண்ணம் லேபத்தோடு வந்தார். பட்டுக்கூட்டையும் கோதுமைச் சத்தையும் சேர்த்துக் காய்ச்சியது.

"மகாராஜா, தோலுக்கு அடியில் தசை இருக்கிறது. மனசு சிரி என்றால் அது சுருங்குகிறது. சுருங்கிச் சுருங்கித்தான் கோடு விழுகிறது. இந்த லேபம் உள்ளே இறங்கி, 'அவ்வளவு சுருங்காதே அப்பா' என்று தசையிடம் பக்குவமாகச் சொல்லும்."

"சொன்னால் கேட்குமா?"

"மெதுவாகக் கேட்கும். அதுவரை தாங்கள் சிரிக்கக் கூடாது, முறைக்கக் கூடாது. பூச்சு வெடித்தால் மறுபடி முதலிலிருந்து பூச வேண்டும்." வைத்தியர் பக்கத்தில் நின்ற காளத்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். "அதோடு, இந்தக் கோடுகளில் முக்கால்வாசி இவர் போட்டவை."

காளத்தி அந்த அவையின் விகடர். சப்பை மூக்கு, தூக்கலான முன்பல். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் உத்தியோகம்.

"காளத்தி, இனி என்னைச் சிரிக்க வைத்தால் நாடு கடத்திவிடுவேன். சும்மா இருக்க வேண்டும். முடியுமா?"

"முடியும் மகாராஜா. மந்திரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்."

ராஜாவின் உதடு துடித்தது. வைத்தியர் உரக்கக் கனைத்தார். உதடு அடங்கியது.

அன்றிலிருந்து ராஜாவின் முகம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. வழக்கில் ஜெயித்தவன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தோற்றோம் என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். காளத்தி தூண் ஓரமாக நின்றார். வாயைத் திறக்காத விகடரை எந்த அவை எத்தனை காலம் வைத்திருக்கும்?

அப்போதுதான் புன்னைக்காட்டிலிருந்து தூதர் வந்தார். ராஜாவின் ஒரே மகள் கோதைநாயகி வாழ்க்கைப்பட்ட நாடு அது.

"மகாராஜா! இளவரசிக்கு ஆண் குழந்தை! தாயும் சேயும் நலம்!"

ராஜாவுக்கு உள்ளே ஆனந்தக் கூத்து. எழுந்து குதிக்கலாமா என்றிருந்தது. ஆனால் பூச்சு அப்போதுதான் காய்ந்திருந்தது.

"மகிழ்ச்சி" என்றார், உதடு அசையாமல்.

தூதரின் முகம் கறுத்தது. "பேரன் பிறந்தது தங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் அரசரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்."

காளத்திக்குப் பகீரென்றது. அவர் முதுகில் ஏறி யானைச் சவாரி விளையாடிய குழந்தை கோதை. பிறந்த வீட்டில் மதிப்பில்லை என்று தெரிந்தால் புகுந்த வீட்டில் அவளை யார் மதிப்பார்கள்?

ராஜா பல்லிடுக்கில் பேசினார். "காளத்தி, எனக்குப் பதிலாக நீ சிரி. இனி நீதான் என் முகம்."

"அவையறியச் சொல்லுங்கள், மகாராஜா."

"எல்லோரும் கேளுங்கள். இனி காளத்திதான் என் முகம்!"

காளத்தி கூரை அதிரச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். தூதருக்கு ஒன்றும் புரியவில்லை. என்றாலும் கொண்டுவந்த மாலையை எடுத்துக்கொண்டு ராஜாவை நெருங்கினார்.

"இங்கே போடும். மாலை முகத்துக்குக் கீழேதான் விழ வேண்டும்" என்று காளத்தி கழுத்தை நீட்டினார். மாலை விழுந்தது. அடுத்து சர்க்கரைத் தட்டு வந்தது. "இதுவும் முகத்துக்குள் போவதுதான்" என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு சிம்மாசனத்தில் ஏறினார். "மகாராஜா, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். முகம் ஓரிடம், உடம்பு ஓரிடம் என்றிருந்தால் பார்ப்பவர்கள் பயப்படுவார்கள்."

ராஜா தள்ளி உட்கார்ந்தார். காளத்தி கிரீடத்தை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

"அக்கிரமம்!" என்று லேபக் கிண்ணத்தோடு ஓடிவந்தார் வைத்தியர்.

"நல்ல வேளைக்கு வந்தீர். ராஜாவின் முகம் இங்கே இருக்கிறது. பூசும்."

ராஜா பொறுத்துக்கொண்டார். மூச்சு மட்டும் கொல்லன் துருத்தி போல வந்தது.

காளத்தி தூதரிடம் கேட்டார். "குழந்தை யார் சாயல்?"

"அப்படியே தாத்தாவின் முகம் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு."

காளத்தி தம் சப்பை மூக்கைத் தடவினார். முன்பல்லைத் தொட்டுப் பார்த்தார். "என்னைப் போலவா? ரொம்ப சந்தோஷம்."

"டேய்!" என்று துள்ளி எழுந்தார் ராஜா. "என் பேரன் உன்னைப் போலவா? என்னைப் போல! என்னைப் போல!" நெற்றி சுருங்கியது, புருவம் ஏறியது, பூச்சு பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது.

தூதர் கைகொட்டினார். "ஆமாம், இதே முகம்தான்! குழந்தை வீறிட்டு அழும்போது நெற்றியில் இதே கோடுகள்!"

ராஜா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காளத்தியைப் பார்த்தார். தம் கிரீடம் அவர் காதுவரை இறங்கியிருந்தது. அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"லேபம் வெடித்துவிட்டது! முதலிலிருந்து பூச வேண்டும்!" என்று அலறினார் வைத்தியர்.

"வேண்டாம். இந்தக் கோடுகள் இனிமேல் குடும்பச் சொத்து" என்றார் ராஜா. தூதரைக் கட்டித் தழுவி, மகளுக்குப் பட்டும் பேரனுக்குத் தங்கத் தொட்டிலும் கொடுத்தனுப்பினார்.

பிறகு கிரீடத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "காளத்தி, உனக்கு யாருக்கும் கிடைக்காத பரிசு. பேரன் பிறந்ததைப் பற்றி நானே ஒரு காவியம் எழுதி, நானே பாடப்போகிறேன். ஆயிரம் பாட்டு. எதிரில் உட்கார்ந்து நீ ஒருவன்தான் கேட்கப்போகிறாய்! உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பாடுவேன்!"

காளத்தி குனிந்து வணங்கினார். அப்படியே வைத்தியர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அந்த லேபம் இன்னும் கொஞ்சம் இருக்குமா?"