கடலை ஏன் மண்ணுக்குள் காய்க்கிறது

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. வாய் என்றால் நல்லதும் பேசும், ஏசவும் செய்யும். அந்த வாயை நம்பித்தான் மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பயிர்த்தொழில் படிக்கப் பொதுவாக ஒரு செம்மண் காட்டை விட்டிருந்தார்கள். ஆளுக்கொரு செடி. பாடம் சொல்வதும் அந்தச் செடியேதான். "இன்னிக்குத் தண்ணி வேண்டாம், நாளைக்கு விடு" என்று கத்திரி சொல்லும், பிள்ளை கேட்டு நடக்கும்.

அப்போதெல்லாம் நிலக்கடலை மண்ணுக்கு மேலேதான் காய்த்தது. அவரைக்காய் போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

ஒரு வருடம் கடலைச்செடி பாவாயி என்ற பெண்ணின் பங்குக்கு வந்தது. அவளுக்குக் கைராசி இல்லை என்று ஒரு பேச்சு. முதல் வருடம் அவள் வைத்த மிளகாய் கருகிவிட்டது, மறுவருடம் வெண்டையில் பூச்சி. பூச்சி விழுந்தால் கை என்ன செய்யும்? ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இந்தத் தடவையும் பொய்த்தால் இனி அவள் விதையைத் தொடக்கூடாது, களம் கூட்டினால் போதும் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

பாவாயி உயிரைக் கொடுத்துப் பாடுபட்டாள். காய் பிடித்ததும் தினமும் போய் நிற்பாள்.

"கடலையக்கா, உள்ளே பருப்பு இருக்கா?"

"இருக்கு கண்ணு. முத்த இன்னும் இருபது நாள் ஆகும். பொறு."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் மூன்று தடவை கேட்டாள். செடிக்குச் சலித்துவிட்டது.

"உன் கைராசிக்குப் பருப்பு எங்கே பிடிக்கப்போகுது? போ, போய் வேலையைப் பாரு."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். நாமும்தான் எத்தனை தடவை சொல்கிறோம். ஆனால் பாவாயிக்கு முகம் செத்துவிட்டது. உச்சி வெயிலில் செடி கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஒரு காயை உடைத்தாள். பால் மாறாத பருப்பு இரண்டு இருந்தது. சரி, அடுத்ததில் இருக்குமா? அதையும் உடைத்தாள். இப்படியே கடைசிக் காய் வரைக்கும் போய்விட்டாள். எல்லாவற்றிலும் பருப்பு இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஓடுகளைச் சேர்த்து வைத்து வாழைநாரால் கட்டினாள். வெயில் விடுமா? பொழுது சாய்வதற்குள் எல்லாம் சுருங்கிப்போயின.

செடி விழித்துப் பார்த்தது. ஏசவில்லை.

"உன் கையில ஒரு குறையும் இல்லை கண்ணு. பருப்பில்லாத பொக்கு ஒண்ணுகூட இல்லை, பார்த்தியா? என் வாய்தான்..." என்று ஆரம்பித்தது. முடிக்கவில்லை. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. அதைப் பார்த்த மற்றச் செடிகளும் வாயைக் கட்டிக்கொண்டன.

பிள்ளைகள் பாவாயி கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். செடி சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சி சொல்லத்தான் செடிக்கு வாய் இல்லையே.

சில நாளில் கடலை மறுபடி பூத்தது. வாடிய பூவிலிருந்து ஒரு விழுது நீண்டு, கைக்கு எட்டாத இடம் தேடி, மண்ணைப் பார்த்துக் குனிந்தது. களம் கூட்டிக்கொண்டிருந்த பாவாயி அதைக் கண்டு ஓடிவந்தாள். சுற்றிலும் மண்ணைக் கூட்டி அணைத்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கம் களைக்கொத்தைக் கொண்டுபோக யாரையும் விடவில்லை.

"போதுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடம் தொட்டுத்தான் கடலை மண்ணுக்குள் காய்க்கிறது. நாமும் மண் அணைத்த பிறகு கடலைக்காட்டைக் கிளறுவதில்லை. காய் முற்றிவிட்டதா என்று கேட்டால் சொல்ல அதற்கு வாய் கிடையாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு செடியைப் பிடுங்கித்தான் பார்க்கிறோம், பிடுங்கிய செடி பிடுங்கியதுதான்.