முறிகிற சத்தம்

மாசிலாமணி கரி படிக்கிறவர். மலையடிவாரத்தில் தோண்டியெடுத்த பழங்கால அடுப்புக்குழியின் கரித்துண்டுகளை உருப்பெருக்கியில் வைத்து, எந்த மரம், என்ன தடிமன் என்று சொல்லிவிடுவார். குனிந்து பார்த்தே அவர் முதுகில் காக்கை கூடு கட்டிவிட்டது என்று ஊரில் பேச்சு. சுத்தப் பொய். நான் பார்த்தபோது இரண்டு முட்டைதான் இருந்தது.

அவருக்கு மரம் கற்றுக்கொடுத்தவள் மருதி. மலைப்பதியில், அதாவது மலைவாசிகளின் குடியிருப்பில், விறகு பொறுக்குகிறவள், அவரைவிடப் பத்து வயது சின்னவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் பட்டையை மோந்து மரத்தின் பேரைச் சொல்வாள். கேட்டால் அதன் மாமியார் பேரையும் சொல்வாள்.

அன்று அவர் மருதி வீட்டுக்கு வந்தபோது கையில் அந்தக் கரி பற்றிய அறிக்கை இருந்தது. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். பதிக்காரர்கள் இனிக் காட்டில் விறகு எடுக்கலாமா கூடாதா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

"என்ன எழுதியிருக்கீங்க சார்?"

"முந்நூறு துண்டும் விரல் தடிமன் சுள்ளி, குருவே. பெரிய கட்டை ஒண்ணுகூட இல்லை. உங்க முன்னோருங்க பெரிய மரத்தையெல்லாம் அப்பவே எரிச்சுத் தீர்த்திருக்காங்க."

"குருன்னு கூப்பிட்டுக்கிட்டே குழி தோண்டறீங்க."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கரி பொய் சொல்லாது."

"சொல்லாது. டீ போடணும், விறகு கொண்டாங்க."

வாசலில் ஒரு வேங்கை மரம். அதைச் சுற்றிவர எனக்கு ஒன்றரை நாள் ஆனது. நடுவில் தூங்கியதையும் சேர்த்து. மாசிலாமணி அதன் தாழ்ந்த கிளையைப் பிடித்து இழுத்தார். அது வளைந்ததே தவிர முறியவில்லை.

"விடுங்க. சத்தம் வரலை."

"என்ன சத்தம்?"

"படக்குன்னு முறிஞ்சா விறகு. முறியலைன்னா அது மரம்."

கீழே கிடந்த சுள்ளியை எடுத்து முழங்காலில் வைத்தாள். படக். முறிந்த முனையில், செத்துக் காய்ந்த மரத்தில் புழு அரிக்கிற துளை.

மாசிலாமணி அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கரித்துண்டுகளிலும் இதே துளை இருந்தது. அறிக்கையில் அதை எழுதவில்லை.

டீ கொதித்தது. அவர் விடுவதாயில்லை.

"இத்தனை பெரிய மரம் வாசல்லயே நிக்குது. அதை விட்டுட்டு எதுக்குச் சுள்ளி?"

மருதி டம்ளரை நீட்டினாள்.

"நிக்குதில்ல?"

அவர் டீயைக் குடிக்கவில்லை. அறிக்கையை எடுத்து நடுவே கிழித்தார்.

"முந்நூறையும் மறுபடி பார்க்கப்போறேன். சாயங்காலம் கேக்கறவங்க காத்திருக்கட்டும்."

"சத்தம் வந்திருச்சு," என்றாள் மருதி. "அடுப்புல வைங்க."